திருப்பி அனுப்பிய பார்சல் தொலைந்துபோனால் பணத்தை மீட்பது எப்படி: ஏற்காட்டில் 52 நாள் அலைந்தவளின் குறிப்புகள்

ஐப்பசி மழையில் ஒரு நாள், ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் வைத்து ஒரு மிக்சியைப் பெட்டியோடு, அதை எடுக்க வந்த கூரியர் ஆளிடம் கொடுத்தேன். ஆன்லைனில் 3,849 ரூபாய்க்கு வாங்கியது. பெரிய ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்ததால் திருப்பி அனுப்பினேன். அந்தப் பணம் என் கணக்கில் ஏற 52 நாள் ஆனது. அதற்குள் இருமுறை என் புகாரை மூடிவிட்டார்கள். ஒருமுறை நானே பொருளைக் கொடுக்க மறுத்ததாகப் பதிவு செய்துவிட்டார்கள்.

நான் இங்கே ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். ஒரு மூட்டை வெளியே போனாலும் ரசீது கேட்பது என் வேலை. என் சொந்தப் பெட்டியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் கொடுத்துவிட்டேன். சேலத்தில் அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அம்மாவுக்கோ, தோட்டத்தில் முதல் முறையாகப் போனில் பொருள் வாங்கும் பெண்களுக்கோ இந்த அலைச்சல் வரக்கூடாது. அதற்காகத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் அனுப்பிய ஆளிடம் பொருளைக் கொடுத்த கணத்தோடு உங்கள் பொறுப்பு முடிகிறது. அதற்குப் பிறகு வழியில் தொலைந்தால் அது அவர்களுக்கும் கூரியருக்கும் இடையிலான கணக்கு. ஆனால் கொடுத்தோம் என்பதைக் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

1. பெட்டியை மூடுவதற்கு முன்

திருப்பி அனுப்பக் கோரிக்கை போட்டவுடன் மூன்று பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: ஆர்டர் விவரம், கோரிக்கை ஏற்கப்பட்டது என்ற செய்தி, பணம் எந்த வழியில் திரும்பும் என்று காட்டும் பக்கம். பில்லையும் அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளரின் முழுப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் ஆகியவை பில்லில்தான் இருக்கும். பின்னால் புகார் எழுதும்போது இவை இல்லாமல் ஒரு வரி நகராது.

பிறகு பொருளின் படங்கள். குறை தெரியும்படி ஒன்று, வரிசை எண் தெரியும்படி ஒன்று, எல்லாப் பாகங்களும் பெட்டிக்குள் இருப்பது தெரியும்படி ஒன்று, ஒட்டி மூடிய பெட்டி ஒன்று. பொருளை உள்ளே வைப்பதிலிருந்து டேப் ஒட்டுவது வரை இடைவெட்டு இல்லாமல் ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. காலிப் பெட்டிதான் வந்தது என்று பிறகு சொல்ல இடம் இருக்காது.

பணம் திரும்பும் வழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். பணம் செலுத்திய அதே கணக்குக்குத் திரும்புவது ஒரு வழி. அந்தத் தளத்தின் வாலட்டில் வரவு வைப்பது இன்னொரு வழி. உடனே கிடைக்கும் என்று இரண்டாவதை முன்னால் காட்டுவார்கள். வாலட்டுக்குப் போன பணத்தைப் பல தளங்களில் வங்கிக்கு மாற்ற முடியாது. முதல் வழியையே தேர்ந்தெடுங்கள்.

2. ஒப்படைக்கும் அந்த ஐந்து நிமிடம்

நான் சறுக்கிய இடம் இது. எங்கள் தோட்டம் நாகலூர் பக்கம். பெட்டி எடுக்க வரும் வண்டி அவ்வளவு தூரம் உள்ளே வராது. போன் செய்து, ஒண்டிக்கடைக்கு வந்து கொடுத்துவிடச் சொல்வார்கள். அன்று பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். வந்த பையனின் கருவியில் சிக்னல் இல்லை. "அக்கா, அடிவாரம் இறங்கியதும் ஸ்கேன் செய்துவிடுகிறேன், நீங்கள் போங்கள்" என்றான். மழையில் நனைந்துகொண்டு நின்றவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் மனதறிந்து ஏமாற்றினான் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஸ்கேன் ஆகாத பெட்டி அவர்கள் கணக்கில் பிறக்கவே இல்லை. மறுநாள் என் ஆர்டரில் ‘பிக்அப் ரத்து’ என்று வந்தது.

ஆகவே ஸ்கேன் செய்யாமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள். சிக்னல் இல்லையென்றால் சிக்னல் கிடைக்கும் இடம் வரை நீங்களும் கூடவே போங்கள். அல்லது மறுநாள் வரச் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப்போவதால் பெரும்பாலும் எதுவும் கெட்டுவிடாது. ஏற்கெனவே பதிவான கோரிக்கைக்கு அடுத்த நாள் மறுபடி வருவார்கள். மழையில் மலைப்பாதை அடைபட்டு, வண்டிகள் குப்பனூர் வழியாகச் சுற்றி வரும் நாட்களில் பிக்அப்பைத் தள்ளிப்போடுவதே நல்லது. அப்படிப்பட்ட நாளில் பெட்டிகள் கை மாறி, வண்டி மாறிப் போகும்.

ஸ்கேன் ஆனதும் பெட்டியில் அல்லது பையில் ஒட்டும் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். பார்கோடும் அதன் கீழே உள்ள எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். திரும்பும் பயணத்துக்கான ட்ராக்கிங் எண் அதுதான். பொருள் உங்களிடம் வந்தபோது இருந்த எண் வேறு, இது வேறு. புகாரில் பழைய எண்ணைக் கொடுத்துவிட்டு, ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்ற பதிலை வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

சில நிறுவனங்கள் பொருளை எடுக்கும்போது ஓடிபி கேட்கும். பெட்டி வந்தவரின் கைக்குப் போகும்போதுதான் அதைச் சொல்ல வேண்டும். வரும் வழியிலேயே போனில் கேட்டால் சொல்லக்கூடாது. கொடுத்த பிறகு, ‘பொருள் எடுக்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி வரும் வரை அந்த இடத்திலேயே நில்லுங்கள். செய்தி வரவில்லையென்றால் பெட்டியோடு அவர் நிற்பதை, அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சேலம் நகரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபேர்லாண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் காவலாளியிடம் பெட்டியை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். செவ்வாப்பேட்டைக் கடைகளில் வியாபார நெருக்கடியில் மூன்று பெட்டிகளை மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. காவலாளியிடம்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பெட்டி இருந்தால் மூன்று ஸ்கேன், மூன்று படம்.

நீங்களே அனுப்ப வேண்டியிருந்தால்

மலைக் கிராமங்களின் பின்கோடு சிலவற்றுக்கு, ‘பிக்அப் வசதி இல்லை, நீங்களே அனுப்புங்கள்’ என்று வரும். அப்போது பெட்டி போய்ச் சேரும் வரை நிரூபிக்கும் பொறுப்பு பெருமளவு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. அதனால் தபால் அலுவலகத்தில் ஸ்பீட் போஸ்ட் செய்து, எடையோடு கூடிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீதில் உள்ள 13 எழுத்து எண்ணை வைத்து இந்தியத் தபால் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். 1800 266 6868 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் தபால் துறை தரும் இழப்பீடு, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். பொருளின் விலை அல்ல. விலை உயர்ந்த பொருளென்றால் கூடுதல் தொகை கட்டி இன்சூரன்ஸ் செய்யுங்கள். அனுப்பும் செலவை நிறுவனம் திருப்பித் தருமா, எவ்வளவு வரை தரும் என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். ரசீது மை சில வாரங்களில் மங்கிவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுங்கள்.

3. முதல் பத்து நாள்

மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒருமுறை ட்ராக்கிங் பக்கத்தைப் பாருங்கள். பார்ப்பதோடு விடாமல் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இந்தப் பக்கங்கள் பின்னால் மாறிவிடும். என் ஆர்டரில் முதலில், ‘ஊழியர் உங்கள் பொருளை எடுக்கப் புறப்பட்டார்’ என்று இருந்த வரி நான்காம் நாள் காணாமலே போனது. நான் அதைப் படம் எடுத்து வைக்கவில்லை.

ஐந்து நாள் ஒரே இடத்தில் நின்றால் முதல் புகார். அதற்கு மேல் காத்திருக்காதீர்கள். நான் பன்னிரண்டு நாள் பொறுத்தேன். அதற்குள் கடைத்தெருக் கேமராப் பதிவு போய்விட்டது. ஒண்டிக்கடையில் நான் பெட்டி கொடுத்த இடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. கடைக்கார அண்ணன் உடனே எடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். ஆனால் அவருடைய கருவியில் பத்து நாள் பதிவுதான் தங்கும். பழையது தானாக அழிந்துவிடும். உங்களுக்குக் கேமரா உதவும் என்று தோன்றினால் அந்த வாரத்திலேயே போய்க் கேளுங்கள்.

4. யாரிடம் கேட்பது, யாரிடம் கேட்கக்கூடாது

கூரியர் அலுவலகத்தைத் தேடிச் சேலத்தில் ஐந்து ரோட்டுக்கும் சூரமங்கலத்துக்கும் அலையாதீர்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை. நிறுவனத்தைக் கேளுங்கள் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பக்கம் அது சரியான பதில். மலையிறங்கி அரை நாள் விடுப்புப் போட்டுப் போய் அந்தப் பதிலைக் கேட்டு வந்தவள் நான்.

உங்கள் பணத்தை வாங்கியது தளம். அந்தத் தளத்தின் செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியில்தான் தொடங்க வேண்டும். கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடி அழைப்பது பெரிய பொறி. ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி லிங்க் அனுப்புவார்கள், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வார்கள், யுபிஐ பின் போடச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும். அப்படி மாட்டிக்கொண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு நாளில் கொடுக்கலாமே என்று என்னிடம் பலர் சொன்னார்கள். இந்த வகைப் புகாருக்கென்று தனி வழி இருக்கிறது. அது கீழே வருகிறது. அதை விட்டுவிட்டு அங்கே போனால் நாள்தான் போகும்.

5. புகார் எழுத்தில் இருக்கட்டும்

போனில் பேசினால் தன்மையாகப் பேசுவார்கள், 48 மணி நேரம் பொறுங்கள் என்பார்கள். 48 மணி நேரம் கழித்து வேறொருவர் அதையே சொல்வார். எனக்கு இது நான்கு முறை நடந்தது. பேசி முடிக்கும் முன் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மின்வணிகத் தளங்கள் ஒவ்வொரு புகாருக்கும் அதன் நிலையைப் பார்க்கும்படி ஓர் எண் தர வேண்டும் என்பது நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020 சொல்வது. பேசி முடித்ததும் அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இத்தனை மணிக்குப் பேசினேன், இப்படிச் சொன்னீர்கள் என்று.

இரண்டு பொறிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முதலாவது, ‘புதிதாக இன்னொரு ரிட்டர்ன் கோரிக்கை போடுகிறோம், அது போதும்’ என்பது. சம்மதிக்காதீர்கள். பொருள்தான் உங்களிடம் இல்லையே. புதிய கோரிக்கைக்கு ஓர் ஆள் வருவார். நீங்கள் கொடுக்க ஒன்றும் இருக்காது. ‘வாடிக்கையாளர் பொருளை ஒப்படைக்கவில்லை’ என்று பதிவாகும். நடந்த உண்மைக்கு நேர் எதிரான ஓர் ஆவணம் அவர்கள் பக்கம் உருவாகிவிடும். என் வழக்கில் அதிக நாட்களைத் தின்றது இதுதான். அவர்களாகவே அப்படி ஒரு கோரிக்கை போட்டுவிட்டால் உடனே ரத்து செய்து, ஏன் ரத்து செய்கிறேன் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இரண்டாவது, ‘உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?’ என்று வரும் செய்தி. பதில் சொல்லாமல் விட்டாலே தீர்ந்ததாக மூடிவிடுகிறார்கள். தீரவில்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் போடுங்கள்.

நான் மூன்றாவது முறை எழுதிய கடிதம் வேலை செய்தது. அதன் வடிவம் இது. உங்கள் விவரங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்:

“ஆர்டர் எண் ____. பொருள் ____, விலை ____ ரூபாய். திருப்பி அனுப்பும் கோரிக்கை ____ தேதியில் உங்களால் ஏற்கப்பட்டது. ____ தேதி ____ மணிக்கு ____ இடத்தில் உங்கள் பிக்அப் ஊழியரிடம் பொருளை ஒப்படைத்தேன். ஆதாரமாகப் படங்கள், அழைப்புப் பதிவு, குறுஞ்செய்தி ஆகியவற்றை இணைத்துள்ளேன். பொருள் தற்போது என்னிடம் இல்லை; மறு பிக்அப் கோரிக்கைக்கு நான் சம்மதிக்கவில்லை. முன் புகார் எண்கள்: ____, ____. முழுத் தொகையையும் நான் செலுத்திய அதே கணக்கில் திருப்பிச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கோபத்தை இதில் காட்டாதீர்கள். என் முதல் இரண்டு கடிதங்களும் ஒரு பக்கத்துக்குக் குறையாத ஆற்றாமை. அவற்றில் தேதியும் இடமும் நடுவில் எங்கோ புதைந்து கிடந்தன. படிப்பவர் ஒரு நாளில் நூறு கடிதம் பார்ப்பவர். முதல் வரியில் ஆர்டர் எண், கடைசி வரியில் கேட்கும் தொகை.

ஸ்டிக்கர் படமே இல்லாத என்னைப் போன்றவர்கள் மனம் தளர வேண்டாம். பெட்டியைக் கட்டி முடித்ததும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஒரு படம், அந்தப் பையன் என்னை அழைத்த நேரம் காட்டும் போன் பதிவு, பிக்அப் அன்று காலை வந்த குறுஞ்செய்தி: இந்த மூன்றும்தான் என்னிடம் இருந்தவை. நேரம் மூன்றிலும் பொருந்தி வந்தது. மூலப் படங்களைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். அச்செடுத்தது மட்டும் போதாமல் போகலாம்.

6. குறைதீர் அலுவலர்

உதவிப் பகுதியில் ஒரு வாரத்தில் தீரவில்லையென்றால் மேலே போங்கள். ஒவ்வொரு மின்வணிகத் தளமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், விதிமுறைகள் அல்லது தனியுரிமைப் பகுதிக்குள் இருக்கும். கிடைத்த புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இதுவும் 2020 விதிகளில் உள்ளதுதான். அந்த விதியைக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நான் 24ஆம் நாள் அனுப்பினேன். ஒப்புகை வரவில்லை. வராததும் ஓர் ஆதாரம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

7. 1915

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் இலவச எண் 1915. தமிழில் பேசலாம். தேசிய விடுமுறை நாட்கள் தவிர, ஞாயிறு உட்பட, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும், மத்திய அரசின் உமங் செயலியிலும், மையத்தின் இணையதளத்திலும் புகார் பதியலாம். செலவு எதுவும் இல்லை. இணையதளத்தில் பதிந்தால் ஆவணங்களை இணைக்க முடியும் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும். படங்களை முன்பே சிறிதாக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பில், ஆர்டர் எண், ஒப்படைத்த ஆதாரம், நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களும் பதில்களும், பணம் செலுத்திய வங்கிக் கணக்கின் அந்தப் பக்கம். புகாரைச் சுருக்கமாக, தேதி வரிசையில் எழுதுங்கள். பதிந்ததும் ஓர் எண் கிடைக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மையம் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் அல்ல. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும். ஆனால் அங்கிருந்து போகும் புகாரை நிறுவனத்தில் வேறு ஆட்கள், வேறு கவனத்தோடு பார்க்கிறார்கள். 38ஆம் நாள் நான் பதிந்தேன். 47ஆம் நாள் ரீஃபண்டுக்கு ஒப்புக்கொண்டு மின்னஞ்சல் வந்தது.

8. வங்கி வழியாக

கிரெடிட் அல்லது டெபிட் கார்டில் பணம் கட்டியிருந்தால் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. பொருளைத் திருப்பிக் கொடுத்தும் பணம் வரவில்லை என்று வங்கியில் பரிவர்த்தனையை மறுத்து மனு கொடுக்கலாம். இதைச் சார்ஜ்பேக் என்கிறார்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. நிறுவனம் இழுத்தடிக்கத் தொடங்கியதுமே வங்கியை அழைத்துக் கடைசித் தேதியைக் கேட்டுவிடுங்கள். ஒப்படைத்த ஆதாரமும், ரீஃபண்ட் தரவில்லை என்று காட்டும் கடிதப் போக்குவரத்தும் கேட்பார்கள்.

பணம் வரும் வரை கார்டு பில்லைக் கட்டாமல் நிறுத்திவிடாதீர்கள். வட்டியும் தாமதக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். தவணையில் வாங்கியிருந்தாலும் அப்படியே: ரீஃபண்ட் வரவாகும் வரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும். தவணைக்காக எடுத்த செயலாக்கக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.

வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448. வங்கியின் மேல் குறை இருந்தால் மட்டும்தான் இந்த வழி. விற்பனையாளரின் மேல் உள்ள குறையை இங்கே கொண்டுபோக முடியாது.

9. மாவட்ட நுகர்வோர் ஆணையம்

எனக்கு இவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. ஆனால் போகத் தயாராகி எல்லாத் தாள்களையும் அடுக்கி வைத்திருந்தேன்.

நிறுவனம் டெல்லியிலோ பெங்களூரிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை இது. ஏற்காட்டுக்காரர்களுக்கும் சேலம் மாவட்ட ஆணையம்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே பதியலாம்.

தேவைப்படுபவை: நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லும் மனு, அதில் உள்ளவை உண்மை என்ற பிரமாணப் பத்திரம், எண்ணிட்ட ஆவணங்கள், அடையாளச் சான்று, எதிர்த் தரப்பின் சரியான முகவரி. தளம், விற்பனையாளர் இருவரையும் எதிர்த் தரப்பாகச் சேருங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. பொருளின் விலையோடு அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடும், வழக்குச் செலவும் கேட்கலாம். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாளாகலாம் என்ற மனத் தயாரிப்போடு போங்கள். மனுவைப் போடுவதற்கு முன், 15 நாள் அவகாசம் கொடுத்து நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள்.

10. பணம் அனுப்பிவிட்டோம் என்று சொன்ன பிறகு

‘ரீஃபண்ட் அனுப்பப்பட்டது’ என்ற செய்தியும் பணமும் ஒரே நாளில் வராது. கார்டு என்றால் ஒரு வாரம் வரை ஆகலாம். அதற்கும் மேல் ஆனால் நிறுவனத்திடம் பரிவர்த்தனை எண்ணைக் கேளுங்கள். வங்கிப் பரிமாற்றம், யுபிஐ என்றால் யுடிஆர் எண். கார்டு என்றால் ஏஆர்என் எண். அதை வங்கிக் கிளையில் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். எண் இல்லாமல் போனால், எதுவும் வரவில்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

பொருள் வந்தபோது கையில் பணம் கொடுத்து வாங்கியவர்கள் ரீஃபண்டுக்காக வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் தர வேண்டியிருக்கும். அவற்றை அதே செயலிக்குள் மட்டும் பதியுங்கள். போனில் அழைப்பவரிடமோ, வாட்ஸ்அப்பில் வரும் லிங்கிலோ தரக்கூடாது. உங்கள் பிள்ளையோ தம்பியோ பணம் கட்டி வாங்கித் தந்த பொருளென்றால் ரீஃபண்ட் அவர்கள் கணக்குக்குத்தான் போகும். உங்கள் பாஸ்புத்தகத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

தொகையை ரூபாய் ரூபாயாகச் சரிபாருங்கள். 52ஆம் நாள் என் கணக்கில் ஏறியது 3,770 ரூபாய். 79 ரூபாய் குறைந்தது. முதலில் கட்டிய டெலிவரிக் கட்டணத்தைக் கழித்திருந்தார்கள். பொருளில் குறை இருந்ததால்தானே திருப்பி அனுப்பினேன், கட்டணத்தை ஏன் கழிக்கிறீர்கள் என்று அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினேன். நான்கு நாளில் அதுவும் வந்தது. அது வந்த பிறகுதான், ‘உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?’ என்ற செய்திக்கு ஆம் என்று பதில் போட்டேன்.